கட்டினவன்தான் அவிழ்க்கணும்

உக்காருங்க தம்பி. உங்க பஸ்ஸுக்கு டயர் மாத்த இன்னும் ஒரு மணி நேரமாவது ஆவும். ஜாக்கி இல்லாமலே வண்டி எடுத்துட்டு வந்திருக்கான் டிரைவர், பெகுவிலேருந்து ஆள் கொண்டாரணும். நெத்தியில விபூதியைப் பாத்தேன், நம்மாளுதான்னு தெரிஞ்சுது, அதான் கூப்பிட்டேன். இந்தப் பிளாஸ்க்குல இருக்கற வெறுந்தேத்தண்ணியை எவ்வளவு வேணும்னாலும் ஊத்திக்குங்க, அது இங்க கடைக்குக் கடை சும்மா வைக்கிறதுதான். ஒண்ணு மட்டும் செய்யுங்க. முகத்தைக் கொஞ்சம் சிரிச்ச மாதிரி வச்சுக்குங்க. ரோட்டுக்கு அந்தாண்ட மணல் மூட்டைக்குப் பின்னால நிக்கிறானுங்களே, அவனுங்களுக்குத் தமிழ் தெரியாது, ஆனா மூஞ்சி படிக்கத் தெரியும். ரெண்டு பேர் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டுப் பேசினா எழுந்து வந்துருவானுங்க.

என் பேரு ராக்கப்பன். இங்க மாரியம்மன் கோயில் பூசாரி. எங்கப்பாவும் இதே கோயில்ல பூசாரி, அவருக்கு அப்பா ராமநாதபுரத்துலேருந்து இந்த பர்மாவுக்குக் கப்பல்ல வந்தவரு. நாலு மணிக்கு ராணுவ முகாம்லேருந்து எனக்கு ஒரு ஜீப் வரும். வீட்டுல உக்காந்திருந்தா கைகால் ஓட மாட்டேங்குது, அதான் இங்க வந்து உக்காந்துட்டேன்.

அந்தப் பச்சை கேட்டு வீட்டைப் பாருங்க. பாத்தும் பாக்காத மாதிரி பாருங்க, அவனுங்க நிக்கிற எடத்துக்கு அது மறைவு. வாசல்ல ஆம்பளைப் பசங்க நாலஞ்சு பேரு நிக்கிறாங்களா? உள்ள ஒரு பொம்பள அவங்களுக்குக் காப்பு கட்டிக்கிட்டிருக்கா. மஞ்சள் நூலுல மஞ்சள் கிழங்கை வச்சு, அம்மன் திருவிழாவுக்குக் கட்டுவோமே, அதே காப்பு. இது தை மாசம். பங்குனியிலதான் எங்க திருவிழா. கொடி ஏத்தல, பூ போட்டு உத்தரவு கேக்கல, எல்லையில வேப்பிலை கட்டல. ஒரு பொம்பள, அதுவும் புருஷனைப் பறிகொடுத்தவ, அடுப்படியில உக்காந்து வர்றவன் போறவனுக்கெல்லாம் கட்டறா. விரதம் இருந்தானான்னு கேக்கறதில்லை. பர்மாக்காரப் பசங்களும் வர்றானுங்க. நேத்து ஒரு பாய் வீட்டுப் பையன் கட்டிட்டுப் போறான் தம்பி. நாப்பத்திரண்டு வருஷமா காப்பு கட்டறவன் நான். என் வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்க.

அவ பேரு பஞ்சவர்ணம். என்னை மாமான்னுதான் கூப்பிடுவா. அவ புருஷன் நாகரெத்தினம் என்னைச் சித்தப்பாம்பான். ரத்த ஒறவு கிடையாது, ஊர் மொறைதான். மூணு சக்கர வண்டி ஓட்டிக்கிட்டிருந்தான், சந்தைக்கும் படகுத்துறைக்கும். நல்ல பையன். கொஞ்சம் வாய் ஜாஸ்தி, மத்தபடி சொன்ன சொல்லைத் தட்ட மாட்டான். தட்டியிருக்கலாம்.

போன பங்குனி. ராணுவம் ஆட்சியைப் புடிச்சு ரெண்டாவது வருஷம். அஞ்சு பேரு ஒண்ணா நின்னா குத்தம்னு சட்டம் போட்டிருக்கான், நாங்க நாப்பது பேரைத் தீ மிதிக்க வைக்கணும். எல்லாரும் இந்த வருஷம் வேணாம் பூசாரின்னாங்க. நான் கேக்கல. எங்கப்பா ஜப்பான்காரன் குண்டு போட்டப்பவும் நிறுத்தாதவரு. நானே முகாமுக்கு நடந்து போனேன். அங்க ஒரு ஆஃபீசர், மரியாதையான ஆளு, என்னை சயாஜின்னு கூப்பிட்டாரு. அது இங்க வாத்தியாரு, பெரியவங்களை மரியாதையா கூப்பிடற சொல்லு. நடத்திக்குங்க, ஆனா காப்பு கட்டறவங்க பேரு, வீட்டு நம்பர், தொழில் எல்லாம் எழுதிக் குடுங்கன்னாரு. எழுதிக் குடுத்தேன், நாப்பத்தோரு பேரு, எங்கையெழுத்து முத்து முத்தா இருக்கும். மறுநாள் ஃபோட்டோவும் வேணும்னாங்க. அன்னிக்குத்தான் எல்லாருக்கும் காப்பு கட்டி முடிச்சிருந்தேன், எனக்கும் கட்டியாச்சு. காப்பு கட்டிக்கிட்டவன் பத்து நாளைக்கு ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. முகாம் எல்லைக்கு அந்தாண்ட. இருந்தாலும் போய்க் குடுத்துட்டு வந்தேன். அது கோயில் வேலை, அதுல தப்பில்லை.

ஆறாம் நாள் சாயங்காலம், தீபாராதனை நேரம். நான் கற்பூரத்தைக் காட்டறேன், நாகரெத்தினம் பக்கத்துல நின்னு மணி அடிக்கிறான். டமார்னு ஒரு சத்தம். வார்டு ஆஃபீஸ்ல யாரோ குண்டு வீசிட்டான். ஒரு கிளார்க் செத்துப் போனான், ஒரு சிப்பாய்க்குக் கால் போச்சு. வீசினவன் மூணு சக்கர வண்டியில வந்து இறங்கினான்னு எவனோ சொல்லிட்டான். போதாதா? ஊருல மூணு சக்கர வண்டி ஓட்டறவனை எல்லாம் தேட ஆரம்பிச்சுட்டாங்க.

மறுநாள் மத்தியானம் பஞ்சவர்ணம் கோயிலுக்கு ஓடி வந்தா. வண்டி ஓட்டறவங்கள்ல ரெண்டு பேரை ராணுவத்துல புடிச்சுட்டாங்க மாமா, அடுத்து இவருதான், துறையில எங்கண்ணன் படகு வச்சுக்கிட்டு நிக்குது, இருட்டறதுக்குள்ள அக்கரைக்குப் போயிட்டா தப்பிச்சுக்குவாரு, காப்பை அவுத்து விடுங்கன்னா. நாகரெத்தினம் தூணோரமா நின்னு என் மூஞ்சியையே பாக்கறான். அவன் பாட்டுக்கு நூலை அறுத்துப் போட்டுட்டு ஓடியிருக்கலாம். இந்தக் காலத்துப் பசங்க அதைத்தான் செய்வாங்க. அவன் செய்யல. கட்டினவன்தான் அவிழ்க்கணும், அதுவும் பத்தாம் நாள் கொடி இறங்கின பெறவுதான். அந்த மொறை அவனுக்குத் தெரியும்.

நான் முடியாதுன்னுட்டேன். நடுவுல அவுத்தா ஊருக்கே ஆவாது, அம்மை வந்துரும், போன தலைமுறையில வந்திருக்கு. அதோட, மணி அடிச்சுக்கிட்டு என் பக்கத்துல நின்னவன், நாப்பது பேரு பாத்திருக்கோம், அவனை யாரு என்ன செய்ய முடியும்? அதையும் சொன்னேன். அம்மன் காப்பு கையில இருக்கறவனை எவன் தொடுவான்னு சொன்னேன். அவ என் காலைப் புடிச்சுக்கிட்டா. அவன்தான் வந்து தூக்கி விட்டான். "விடு புள்ள, சித்தப்பா மொறை தெரியாமயா சொல்லுவாரு" அப்படின்னான்.

எட்டாம் நாள் வந்தாங்க. எழுதிக் குடுத்தேனே, அந்தப் பேப்பரைக் கையில வச்சுக்கிட்டு வந்தாங்க. கோயில் வாசல்ல பூட்ஸைக் கழட்டிட்டுத்தான் உள்ள வந்தாங்க, அதைச் சொல்லணும். பர்மாக்காரங்க நம்ம அம்மனை மெடோன்னு சொல்லிக் கும்பிடுவாங்க, வாழைப்பழம் தேங்கா வாங்கி வைப்பாங்க, சிப்பாயா இருந்தாலும் அந்தப் பயம் போவாது. ஒருத்தன் பேரைப் படிச்சான், நாகரெத்தினம் கையைத் தூக்கினான், கூட்டிட்டுப் போனாங்க. நான் பாக்கி நாப்பது பேரை வச்சுத் திருவிழாவை முடிச்சேன். ஒரு குறை இல்லை. ஒருத்தன் காலும் பொசுங்கல.

இப்ப வர்ற சிப்பாயைப் பாக்காதீங்க. சிகரெட் வாங்க வர்றான். தலையைக் குனிஞ்சு தேத்தண்ணியைக் குடிங்க.

போயிட்டான்.

அந்த வாரம் முகாமுல ஏழு பேரு இருந்தாங்க தம்பி. ஆறு பேரைச் செங்கச் சூளைக்குப் பின்னால கொண்டு போய்ச் சுட்டுட்டாங்க. கோர்ட்டு கிடையாது, வக்கீல் கிடையாது, நீ செஞ்சியா இல்லையான்னு ஒரு கேள்வி கிடையாது. கேட்டா, தப்பிச்சு ஓடப் பாத்தாங்கன்னு வீட்டுக்கு ஒரு சீட்டு. ஒரு மனுஷனை விசாரிக்காம எப்படித் தம்பி கொல்றது? ஊர்ப் பஞ்சாயத்துல கோழி திருடினவனைக்கூட நிக்க வச்சு ரெண்டு வார்த்தை கேப்போம். இதுக்குப் பேரு ஆட்சியா? இன்னிக்கும் நெனச்சா எனக்கு நெஞ்சு கொதிக்குது.

ஆனா நாகரெத்தினத்தை மட்டும் சுடல. ஒரு நாளாச்சு, ரெண்டு நாளாச்சு, நாலு நாளாச்சு. முகாமுல சமையல் பண்ற கிழவி மூலமாத்தான் சேதி வரும். உசுரோட இருக்கான், கையில நூல் அப்படியே இருக்குன்னு சொல்லிவிட்டா. பஞ்சவர்ணம் கோயில் வாசல்லயே கிடந்தா, பச்சைத் தண்ணி பல்லுல படல. ஊரே அம்மன் காப்பாத்திட்டான்னு பேசுது. எனக்கு உறுத்தல் என்னன்னா, கொடி இறங்கிப் போச்சு, மஞ்சத்தண்ணி ஊத்தியாச்சு, நாப்பது காப்பும் அவுத்தாச்சு, ஒரு காப்பு மட்டும் அவுக்காம நிக்குது. திருவிழா முடிஞ்ச பெறவு காப்பு கையில இருக்கக் கூடாது. எனக்குத் தூக்கமே இல்லை.

அஞ்சாம் நாள் காலையில கோயில் முன்னால ஜீப் வந்து நிக்குது. எனக்குத்தான். நான் குளிச்சுட்டு, வேட்டி மாத்திக்கிட்டு, தட்டுல மஞ்சத்தண்ணி, கற்பூரம், வேப்பிலை எல்லாம் எடுத்து வச்சுக்கிட்டு ஏறினேன். முன் சீட்டுல உக்கார வச்சாங்க. பஞ்சவர்ணம் ஜீப்பைப் புடிச்சுக்கிட்டு, "மாமா, மணி அடிச்சதைச் சொல்லுங்க மாமா, அது போதும்"ன்னா. சரி சரின்னேன்.

அந்த ஆஃபீசரே எழுந்து நாற்காலி போட்டாரு. தன் கையால தேத்தண்ணி ஊத்தினாரு. சயாஜி, மெடோ நூல் அவன் கையில இருக்கு, எங்க பசங்க தொடப் பயப்படறானுங்க, உங்க மொறைப்படி நீங்களே எடுத்து விட்டுருங்கன்னாரு. எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. அதைத்தானே நானும் நெனச்சுக்கிட்டிருந்தேன். எடுத்துட்டா அனுப்பிடுவாங்கன்னு நெனச்சேன். சத்தியமா அப்படித்தான் நெனச்சேன். எடுத்த பெறவு என்ன பண்ணுவீங்கன்னு நான் கேக்கல. அவரும் சொல்லல. குண்டு வெடிச்ச அன்னிக்கு இவன் எங்க இருந்தான்னு அவர் என்னைக் கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.

அவனைக் கொண்டாந்தாங்க. ஒரு கண்ணு மூடிக் கிடந்துச்சு. வாய் வீங்கியிருந்துச்சு. என்னையும் தட்டையும் பாத்தான். பாத்த ஒடனே புரிஞ்சுக்கிட்டான். "வேணாம் சித்தப்பா, அது இருக்கட்டும்"ன்னான். திருவிழா முடிஞ்சு மூணு நாளாச்சுடா, இருக்கக் கூடாதுடான்னு சொல்லிக் கையைப் புடிச்சேன். சின்னப் புள்ளை ஊசிக்குப் பயந்து இழுக்குமே, அந்த மாதிரி இழுத்துக்கிட்டான். நான் விடல. முடிச்சு இறுகியிருந்துச்சு, நகத்தால நெம்பித்தான் அவிழ்த்தேன்.

அவிழ்க்கிறப்ப அவன் தமிழ்ல சொன்னான். "சித்தப்பா, நான் உங்க பக்கத்துல நின்னு மணி அடிச்சேன். நான் சொன்னா அடிக்கிறாங்க. நீங்க சொன்னா அவரு கேப்பாரு."

ஆஃபீசர் என்னைப் பாத்து, என்ன சொல்றான்னு கேட்டாரு.

சாமி கும்பிடறான்னு சொன்னேன்.

இதை நான் யாருகிட்டயும் சொன்னதில்லை தம்பி. எம் பொண்டாட்டிக்குத் தெரியாது, பஞ்சவர்ணத்துக்குத் தெரியாது. நீங்க பஸ் ஏறிப் போயிருவீங்க. ஏன் அப்படிச் சொன்னேன்னு கேட்டா பத்துக் காரணம் வச்சிருந்தேன். மணி அடிச்சான்னு சொன்னா மத்த நாப்பது பேரையும் விசாரணைக்கு இழுப்பாங்க, கோயிலைப் பூட்டிருவாங்க, அடுத்த வருஷம் உத்தரவு கிடைக்காதுன்னு. எல்லாம் பெறவு சேத்துக்கிட்டது. அந்த நேரத்துல பயம், வேற ஒண்ணும் கிடையாது. கேட்டா சொல்லியிருப்பேன்னு இத்தனை நேரம் உங்ககிட்டச் சொன்னேனே. கேட்டாரு. கேக்கத்தான் செஞ்சாரு.

திரும்பி வர்றப்ப ஜீப் சூளையைத் தாண்டல, ரெண்டு வெடிச் சத்தம் கேட்டுச்சு. மடியில தட்டு, தட்டுல அந்த நூலு. டிரைவர் பையன் மட்டும் கையெடுத்து நெத்தியில வச்சுக்கிட்டான். எனக்கு அப்பக்கூட ஒண்ணும் தோணல தம்பி. நூலை ஆத்துல விடணுமே, அதுதான் மொறைன்னு தோணிச்சு. ஆத்துக்குப் போய் விட்டுட்டுத்தான் கோயிலுக்கு வந்தேன்.

அவன் உடம்பைக்கூட அவங்க குடுக்கல. பஞ்சவர்ணம் ஒண்ணே ஒண்ணு கேட்டா. அவங்க அறுத்தாங்களா, நீங்க அவுத்தீங்களான்னு. மொறைப்படி நான்தான் அவுத்தேன்னு சொன்னேன். அதுக்கப்புறம் அவ எங்கிட்டப் பேசினதில்லை. பத்து மாசம். எதிர்ல வந்தா ஒதுங்கிக்கூடப் போவ மாட்டா, ஆளே இல்லாத இடத்தைப் பாக்கற மாதிரி பாத்துட்டுப் போவா. நானும் ஆரம்பத்துல கோவமாத்தான் இருந்தேன். சுட்டவன் அவன், என் மேல என்ன கோவம்னு.

கொஞ்ச நாள்லயே கட்ட ஆரம்பிச்சுட்டா. மொதல்ல அவ தம்பிக்கு. பெறவு தெருப் பசங்களுக்கு. மந்திரம் கிடையாது, நூலைக் கட்டி மூணு முடிச்சு போட்டு அனுப்பிருவா. சேதி ஊர் ஊரா பரவிப் போச்சு. நாங்க சிரிச்சோம். நான் திட்டினேன். ஆனா புடிச்சிட்டுப் போனவங்கள்ல நூல் இருக்கறவனை சிப்பாய்ங்க சுட மாட்டேங்கிறானுங்க தம்பி. அடிக்கிறானுங்க, பூட்டி வைக்கிறானுங்க, சூளைக்கு மட்டும் கொண்டு போறதில்லை. நாகரெத்தினத்தைச் சுட்டவன் ஒருத்தனுக்கு மறு வாரமே அம்மை போட்டிருச்சாம், சமையக்காரக் கிழவி சொன்னா. நிசமோ பொய்யோ, பயந்துட்டானுங்க.

இப்ப முகாமுல பதினோரு பேரு இருக்காங்க. பதினோரு பேரு கையிலயும் நூலு. நேத்து ஆள் வந்து சொல்லிட்டுப் போனான், சயாஜி நாளைக்கு நாலு மணிக்குத் தட்டோட தயாரா இருங்க, மொறைப்படி அவிழ்த்து விடணும்னு.

நான் கட்டின காப்பு இல்லையே, நான் எப்படி அவிழ்க்கறதுன்னு மொதல்ல தோணிச்சு. அதான மொறை. அதையே சொல்லிரலாம். சொன்னா அடுத்த கேள்வி என்ன வரும்? யாரு கட்டினதுன்னு வரும். நான் வாயே திறக்க வேணாம், ஊருல எவனைக் கேட்டாலும் அந்தப் பச்சை கேட்டுப் பக்கம் கண்ணு போயிரும். ராத்திரி பூரா யோசிச்சேன். காலையில ஒரு முடிவுக்கு வந்துட்டேன். நான்தான் கட்டினேன்னு சொல்லப் போறேன். பதினோரு பேருக்கும் நான்தான், இன்னும் ஊருல எத்தனை கையில இருக்கோ அத்தனைக்கும் நான்தான். அப்ப அவிழ்த்து விடுன்னுவாரு. திருவிழா முடியலைன்னு சொல்லுவேன். தை மாசத்துல என்ன திருவிழான்னு கேப்பாரு. எப்ப முடியும்னு கேப்பாரு. அதுக்கும் ஒரே பதில்தான். முடியலை, அவ்வளவுதான். அடிச்சாலும் அதையேதான் சொல்லணும். சொல்லிருவேன்னு நெனக்கிறேன். போன தடவையும் சொல்லிருவேன்னு நெனச்சுக்கிட்டுத்தான் ஜீப்புல ஏறினேன்.

என் கையைப் பாக்கறீங்க. வெறுங்கைதான். அவகிட்டக் கட்டிக்கிட்டுப் போவலாமேன்னு தோணுதுல்ல? எனக்கும் தோணிச்சு. வெக்கத்தை விட்டுக் காலையில போனேன். பசங்களோட பசங்களா வரிசையில நின்னேன். என் முறை வந்துச்சு, கையை நீட்டினேன். என் கையைப் பாத்தா. பத்து மாசம் கழிச்சு அப்பத்தான் எங்கிட்டப் பேசினா.

"நூல் தீந்து போச்சு மாமா"ன்னா.

நூல்கண்டு அவ மடியிலதான் இருந்துச்சு. எனக்குப் பின்னால நின்ன பையனுக்குக் கட்டறதுக்கு அதுலேருந்து இழுத்து அறுத்தா. நான் கையை மடக்கிக்கிட்டு வந்துட்டேன். அந்தா, சூளைப் பக்கம் புழுதி தெரியுது பாருங்க, ஜீப்புதான் வருது.